மீன் விலைப் பலகையில் உலகம்

என் மகன் மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தினமும் காலை ஆறரை மணிக்கு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ‘இன்றைக்கு’ என்று தலைப்புப் போட்டு மூன்று விடயங்கள் அனுப்புவான். ஒரு செய்தி, ஒரு விஞ்ஞானம், ஒரு கலை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். கனடாவில் இருக்கும் பெரியப்பா உடனே ஒரு பெருவிரல் படம் போடுவார். நான் ஒன்றும் போடமாட்டேன். மகன் எழும்பிவிட்டான், சுகமாக இருக்கிறான், பல்லைத் தீட்டினானோ தெரியாது என்று நினைத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

இந்த மாரியில் புயல் வந்தது. மலைகள் சரிந்தன. அவனுடைய விடுதிக்குப் போகும் வீதி ஆற்றோடு போய்விட்டது. நான்கு நாட்கள் அவனுடைய தொலைபேசி எடுபடவில்லை. ஆனால் நான்கு நாளும் காலையில் ‘இன்றைக்கு’ வந்தது. சிக்னல் விட்டுவிட்டு வருகிறதாக்கும் என்று நினைத்தேன். நாங்கள் இப்போது இருக்கும் பள்ளிமுனையில் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் படிக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் செபமாலையோடு இருந்தபோது நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். இந்த நாலு நாளும் அண்ணா வழமையைவிட நல்லாக எழுதுகிறான் என்று மகளிடம் சொல்லவும் செய்தேன். மலைச்சரிவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

ஐந்தாம் நாள் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் இருந்து மகன் எடுத்தான். “அம்மா, நாலு நாளா போன் செத்துப்போச்சு. ஒருத்தரோடையும் கதைக்கேலாமல் போச்சு. பயந்து போனீங்களோ?”

நான் திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். பதினைந்து வயது. அவன் வீட்டில் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் அவனுடைய வட்ஸ்அப் திறந்தபடியே இருந்திருக்கிறது. நான்கு நாளும் எழுதி அனுப்பியவள் அவள்.

நான் போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எப்படியடி எழுதினாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. “உங்களுக்காக மட்டும் எழுதேல்லை அம்மா. அனுப்பினவுடன அண்ணாட பேர் மேல வரும். அதைப் பார்க்கேக்க அவன் இருக்கிறான் எண்டு எனக்கே நம்பிக்கையாக் கிடந்தது” என்றாள்.

மகன் வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறான். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்குச் சின்னமாமாவின் கை ஞாபகம் வருகிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, காற்றில் எதையோ ஏந்துவதுபோல மெல்ல உயர்த்தும் கை.

எனக்கு அப்போது பத்து வயது. விடத்தல்தீவுக்குச் சற்று வடக்கே, கண்டல் மரங்களும் சேறும் தாண்டி வரும் ஒரு சின்னக் கரையில் எங்கள் வீடு. சண்டைக் காலம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. றேடியோவுக்குப் போடும் பற்றரி எங்கள் பக்கத்துக்கு வரக்கூடாதென்று அரசாங்கத் தடை. பத்திரிகை என்றால், யாராவது மன்னார்த் தீவுப் பக்கமிருந்து சாமான் சுற்றிக்கொண்டு வரும் பழைய தாள்தான். சவர்க்காரம் மணக்கும் பாதிச் செய்தியை வாசித்துவிட்டு மீதிப் பாதி எந்த வீட்டுக்குப் போனதென்று தேடித் திரிவோம்.

சின்னமாமா அம்மாவின் தம்பி. மீனவர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். சங்கம் மூடப்பட்ட நாளில் அங்கே இருந்த கதிரைகளையும் அலுமாரியையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னமாமா மீன் விலைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் உயரக் கரும்பலகை. வெள்ளைப் பெயின்ரால் மூன்று பத்திகளாகக் கோடு போட்டு, மேலே ‘வகை’, ‘நிறை’, ‘விலை’ என்று எழுதியிருக்கும். மீனும் இல்லை, விலையும் இல்லை என்று ஆகிவிட்ட காலத்தில் இந்தப் பலகையை என்ன செய்யப்போகிறான் என்று ஊர் சிரித்தது. அவர் அதை அந்தோனியார் கோயில் மதிலில் சாய்த்து வைத்து, அதில் உலகத்தை எழுதத் தொடங்கினார்.

தலைப்புகளைச் சுரண்டிப் பார்த்தார். சங்கத்துப் பெயின்ற் அசையவில்லை. ஆகையால் ‘வகை’யின் கீழே நாட்டு நடப்பு வந்தது. ‘நிறை’யின் கீழே விஞ்ஞானம் வந்தது. ‘விலை’யின் கீழே கலை வந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. அதற்கு மேல் இடமில்லை. இடமில்லாதபடியால் எங்கள் ஊரில் யாரும் எதையும் நீட்டி எழுதி வாசித்ததில்லை. எந்த நாட்டுச் சண்டையும் மூன்று வரியில் முடிந்தது.

காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் பலகைக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்வேன். எங்களுக்குப் பக்கத்து வளவில் கருவாடு போடும் மாமி ஒருத்தி இருந்தா. மாமி நேரே ‘விலை’க்குத்தான் வருவா. ஒருநாள் அதில், எங்கோ ஒரு தேசத்தில் பழைய கற்சிலை ஒன்றுக்கு உடைந்த மூக்கை மறுபடி ஒட்டினார்கள் என்று இருந்தது.

“மூக்கு என்ன விலையாம்?” என்று மாமி கேட்டா.

“மாமி, அது கலை. விலை இல்லை” என்றார் சின்னமாமா.

“மேல விலை எண்டுதானே தம்பி எழுதிக் கிடக்கு. எழுதினா விலை சொல்லோணும். இல்லாட்டி எழுதக்கூடாது.”

சின்னமாமா கையில் இருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார். தன்னுடைய வாசகர்களைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு மெல்லிய துக்கம் இருந்தது.

இந்த உலகம் முழுவதும் ஒரு சைக்கிளில் இருந்து வந்தது. அதை எங்கள் வீட்டு முற்றத்தில், கடலைப் பார்க்க, ஸ்டான்ட் போட்டு நிறுத்தியிருப்பார். பின் சில்லில் டைனமோ. டைனமோவில் இருந்து இரண்டு வயர் போய் றேடியோவில் ஏறும். பெடலை உழக்கினால் சில்லுச் சுழலும், சில்லுச் சுழன்றால் றேடியோ கதைக்கும். உழக்குவது என் வேலை. பெரியவர்கள் உழக்கினால் வேகம் கூடிக் குறைந்து றேடியோ இருமும். நான் உழக்கினால் ஒரே சீராக ஓடும் என்று சின்னமாமா சொல்வார். அது உண்மையோ, வேறு ஆள் கிடைக்காததோ தெரியாது. றேடியோவின் ஒலிபெருக்கியை உப்புக்காற்று தின்றுவிட்டபடியால் அதில் காதில் செருகும் குமிழ் ஒன்று மட்டும்தான் வேலை செய்தது. ஆகவே உழக்குவது நான், கேட்பது அவர். நான் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கொப்பியோடு, ஒரு கையால் எனக்குச் சைகை காட்டுவார். உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக. மேலே பார்த்து உயர்ந்தால் கொஞ்சம் வேகமாக. நான் அந்தக் கையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உழக்குவேன்.

அந்த நேரத்துக் கடல் இப்போதும் என் கனவில் வருகிறது. காற்று எழும்பாத காலையில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இராது. தூரத்தில் பூநாரைகள் நின்றால் அவை வானத்தில் நிற்பதுபோல இருக்கும். சைக்கிள் ஓடுகிறது, ஆனால் ஓரடி நகரவில்லை. நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முன் சில்லு தண்ணீரில் இறங்கிவிட்டது, நனையாமல் போகிறது, மணல்திட்டுகளைத் தாண்டி அக்கரைக்குப் போகிறது என்று நினைப்பேன். அக்கரை என்றால் இந்தியா. அங்கே எல்லா வீட்டிலும் பற்றரி இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்பா நண்டுவலை எடுக்கப் போன நாள், கிழக்கே இருந்து அடிக்கும் கொண்டல் காற்றுத் தொடங்கியிருந்தது. சின்ன வள்ளம், அவர் மட்டும்தான். கரையை விட்டு அதிகதூரம் போகக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, அவர் போயிருக்கமாட்டார். காற்றுக்குக் கட்டுப்பாடு தெரியாது. பகல் திரும்பவேண்டியவர் திரும்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. தேடிப் போன இரண்டு வள்ளங்களும் வலைக் கம்புகளை மட்டும் கண்டுவிட்டு வந்தன.

எங்கள் பக்கத்து ஆட்கள் கடலில் தவறினால் தெரிந்துகொள்ள ஒரே வழி அக்கரைக் காலைச் செய்தி. இலங்கை வள்ளம் ஒன்று ஒதுங்கியது, இத்தனை பேர் கரை சேர்ந்தார்கள், இத்தனை உடல் ஒதுங்கியது என்று அதில் சொல்வார்கள். ஆகவே நான் உழக்கினேன். பூசைமணிக்கு முன்னரே போய் ஏறிவிடுவேன். அப்பாவின் பெயர் வயருக்குள் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது, நான் நிறுத்தினால் அது பாதியில் நின்றுவிடும் என்பது எனக்கு நிச்சயம். முடிந்ததும் சின்னமாமா குமிழைக் கழற்றுவார். நான் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். “இண்டைக்குச் சொல்லேல்லை பிள்ளை” என்பார். அம்மா அடுப்படியில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, அப்பாவின் சோற்றுக் கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைப்பா.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, உழக்கிக்கொண்டிருக்கும்போது சின்னமாமாவின் சைகைக் கை அப்படியே காற்றில் நின்றது. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. நான் என்ன வேகத்தில் போவதென்று தெரியாமல் அதே வேகத்தில் போனேன். பிறகு அவர் குமிழைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, “இண்டைக்குச் சொல்லேல்லை” என்றார். அன்றைக்குப் பலகையில் ‘வகை’ வெறுமையாக இருந்தது. கருவாட்டு மாமி, உலகத்தில் இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லையோ என்று கேட்டா. சின்னமாமா, ஓம், நடக்கவில்லை என்றார்.

அதன்பிறகு பலகை அழகாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சண்டை, விலையேற்றம், மாநாடு எல்லாம் குறைந்தன. பாலைவனத்தில் பல வருடத்துக்குப் பிறகு மழை பெய்து ஒரே நாளில் பூக்கள் வந்தன. விண்வெளியில் ஒரு மனிதன் தங்கியிருக்கிறான். அவனை அனுப்பிய நாடு கீழே இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் அவனை இறக்கிவிடுவார்கள். கடற்பசு தன் குட்டியை அணைத்துப் பால் கொடுக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஊமைகள் சேர்ந்து நாடகம் போட்டார்கள், பார்த்தவர்கள் அழுதார்கள். எங்கள் ஆட்கள் பூசை முடிந்து வந்து அந்த ஒன்பது வரிகளுக்கு முன்னால் வழமையைவிட நேரம் நின்றார்கள். சிலர் மத்தியானமும் வந்து இன்னொருமுறை வாசித்தார்கள்.

அந்த நாட்களில் கோயில் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எங்கள் ஆட்களிடையே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருக்குப் பூசை வைக்கவேண்டும். உடல் கிடைக்காதவருக்கு எந்த நாளில் இருந்து எண்ணுவது என்பதுதான் சிக்கல். மூப்பர் நல்ல மனிதர். நேரடியாகச் சொல்ல வாய் வராமல், எங்கள் வேலியைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் அதற்கு வருவார்.

“தங்கச்சி, முப்பத்தொண்டு வருகுது. பங்குச் சுவாமியும் கேட்டவர். பூசைக்குப் பேர் எழுதட்டோ?”

“றேடியோவில சொல்லேல்லைத்தானே” என்பா அம்மா.

“அதுசரி...”

“அங்கால உடம்பு ஒதுங்கினாச் சொல்லுவினம். தம்பி ஒவ்வொரு நாளும் கேக்கிறான். சொல்லேல்லை எண்டா ஆள் இருக்கிறார். பூசை வேண்டாம்.”

மூப்பர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அம்மா வெள்ளைச் சேலை உடுத்துவதும் உடுத்தாமல் இருப்பதும் அந்தச் சைக்கிளில் தங்கியிருந்தது. அது எனக்கு ஓரளவு விளங்கியது. ஆகவே இன்னும் கவனமாக உழக்கினேன்.

ஒருநாள் ‘நிறை’யில் ஆமை வந்தது. கடலாமை எத்தனை தூரம் போனாலும் பல வருடங்களுக்குப் பிறகு, தான் பிறந்த அதே கரைக்கு வந்து முட்டையிடும் என்று மூன்று வரி. மாமிக்கு வாசித்துச் சொல்லும்போதே எனக்கு அது தெரிந்ததுபோல இருந்தது. பள்ளிக்கூடம் போய் ஆறாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தேன். மரத்துக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடம். ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் ஒரே புத்தகம். ஆமை அங்கே இருந்தது. அதே மூன்று வரி. படத்தில் ஆமைக்கு நான் கீறிய மீசையும் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். பாலைவனப் பூக்கள். இன்னும் புரட்டினேன். கடற்பசு. விண்வெளி மனிதனை மட்டும் காணவில்லை; அவன் சாமான் சுற்றி வந்த ஏதோ தாளில் இருந்திருப்பான்.

அடுத்த நாள் காலையில் ஏறுவதற்கு முன் டைனமோவைப் பார்த்தேன். இரண்டு வயரும் சில்லுக்குப் பக்கத்தில், றேடியோவைத் தொடாமல், மண்ணில் கிடந்தன. முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பல நாளாக அப்படியே கிடந்திருக்கவேண்டும்.

நான் ஏறி உழக்கினேன். சின்னமாமா குமிழைக் காதில் செருகி, கண்ணை மூடி, கொப்பியை விரித்தார். கொஞ்ச நேரத்தில் கை உயர்ந்தது. மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. அவருடைய முகம் உண்மையாகவே எதையோ கேட்கிற முகம். புருவம் சுருங்கி விரிந்தது. நான் திடீரென்று நிறுத்தினேன். சில்லுச் சுற்றி ஓய்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். “ஏன் பிள்ளை நிப்பாட்டினனி? அங்க பாதியில நிக்குது.”

அவரைப்போல ஒரு பொய்யரை நான் அதுவரை கண்டதில்லை. இறங்கி ஓடினேன். அன்றைக்கு அவர் பலகையில் எழுதி முடிக்கும்வரை கோயில் மதிலுக்குப் பின்னால் நின்றேன். ‘நிறை’யில் முதல்நாள் ஆமையை அவர் அழிக்காமல் விட்டார். பூசை விட்டது. ஆட்கள் கூடினார்கள். மாமி, மூப்பர், தண்ணீர்க் குடத்தோடு அம்மா. மாமி வழமைபோல, “வாசி பிள்ளை” என்றா.

“வாசிக்கமாட்டன்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மாமா பொய் எழுதுறார். றேடியோவில வயர் கொளுவேல்லை. எல்லாம் என்ர புத்தகத்தில இருக்கிறது. ஆமையும் அதிலதான் இருக்கு.”

ஒரு கழுதை வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றது. நான் எதிர்பார்த்தது இது அல்ல. ஆட்கள் சின்னமாமாவைப் பிடித்து உலுக்குவார்கள், பலகையைப் பிடுங்குவார்கள், வயரைக் கொளுவி உண்மையான செய்தியைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். கடைசியில் மாமிதான் வாயைத் திறந்தா.

“வயர் கிடந்தா என்ன, கழண்டா என்ன. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆமை பிறகு என்ன செய்ததாம்? அதைச் சொல்லு.”

மூப்பர் தொண்டையைச் செருமினார். “அப்ப தங்கச்சி, றேடியோவில கேக்கேல்லை எண்டா... அந்தப் பூசை...”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சியை நான்தான் எல்லாருக்கும் முன்னால் உடைத்துப்போட்டேன். அம்மா அடிப்பா என்று நினைத்துத் தோளை ஒடுக்கிக்கொண்டேன். அம்மா குடத்தை இறக்கி வைத்தா. “பூசை வேண்டாம் மூப்பர்” என்று, ஒவ்வொரு நாளும் சொல்லும் அதே குரலில் சொன்னா. பிறகு சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டா. “நாளைக்கு நேரத்தோட எழும்பு. மாமாவுக்கு உழக்கோணும்.”

சின்னமாமா என்னோடு கோபிக்கவில்லை. வெண்கட்டியை எடுத்து, ஆமையின் மூன்றாம் வரிக்குக் கீழே, இருந்த சின்ன இடத்தில், ‘நன்றி: ஆறாம் ஆண்டு விஞ்ஞானப் பாடநூல்’ என்று சேர்த்தார். எழுதுவினைஞர் அல்லவா.

அடுத்த நாள் நான் கோபத்தோடு வேகமாக உழக்கினேன். உள்ளங்கை கீழே பார்த்தது: மெதுவாக. மெதுவாக உழக்கினேன். வயர் மண்ணில் கிடந்தது. சில்லுச் சுழன்றது. காற்று இல்லாத கடலில் பூநாரைகள் வானத்தில் நின்றன. சில நாட்களில் என் கோபம் தேய்ந்து, எப்படியென்று தெரியாமல் நானும் அதில் சேர்ந்துவிட்டேன். புத்தகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தப் பக்கம் இன்னும் எழுதவில்லை மாமா, பனிக்கரடி இருக்கிறது என்றேன். அவர் வாசித்துப் பார்த்து, எங்கள் சனம் பனிக்கு ஆசைப்படும், வேண்டாம், நாளைக்குத் தேனீ போடுவம் என்றார். முப்பத்தோராம் நாள் அப்படித்தான் கழிந்தது. தேனீக்கள் ஒன்றுக்கொன்று ஆடி வழி சொல்லும் என்ற வரியோடு. அன்றைக்குப் பூசை வேறு யாருக்கோ நடந்தது. அம்மா போகவில்லை.

அப்பா வந்தது ஒரு காலையில். நான் உழக்கிக்கொண்டிருந்தேன். கரையோரமாக ஒரு ஆள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க வழுக்க நடந்து வந்தார். மெலிந்த ஆள். அவருக்குப் பெரிதான சட்டை. கடலும் வானமும் ஒன்றாக இருந்த அந்த வெளிச்சத்தில் அவர் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலவும் ஆகாயத்தில் இருந்து இறங்கி வருவதுபோலவும் தெரிந்தது. இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். விண்வெளி மனிதனை.

“மாமா” என்றேன்.

“நிப்பாட்டாத” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“மாமா, அப்பா.”

அவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். எழும்பவில்லை. ஓடவும் இல்லை. குனிந்து, மண்ணில் கிடந்த வயரை எடுத்து, முனையைப் பல்லால் கடித்துச் சுரண்டி, றேடியோவில் கொளுவப் பார்த்தார். ஒன்று கொளுவுப்பட்டது. மற்றது வழுக்கி வழுக்கிப் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இறங்கி அப்பாவிடம் ஓடினேன்.

என்ஜின் நின்று, கொண்டல் தள்ளி, இரண்டு நாள் மிதந்து, அக்கரை வள்ளம் ஒன்று கண்டு ஏற்றியிருக்கிறது. அங்கே முகாமில் வைத்திருந்து, இந்தப் பக்கம் வர ஒரு வழி கிடைத்தபோது வந்திருக்கிறார். இதை அப்பா அன்றைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பார். வளவு முழுக்க ஆட்கள். மாமி ஒரு கடகம் நிறையக் கருவாடு கொண்டுவந்து கொட்டினா. “செத்த வீட்டுக்கு எண்டு எடுத்து வைச்சனான், பாவி, வந்து நிண்டு அதையும் சாப்பிடப்போறாய்” என்று அப்பாவை ஏசினா, அழுதா, சிரித்தா. அம்மா அந்தச் சோற்றுக் கோப்பையில் சோறு போட்டா.

மூப்பர் வந்து வாசலில் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் வேலியைப் பார்த்தார். அம்மா எழும்பிப் போய், “இப்ப எழுதுங்கோ மூப்பர், அந்தப் பூசைக்கு” என்றா. சந்தோஷத்தில் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நான் நினைத்தேன். சாகாத அப்பாவுக்கு எதற்குச் செத்தவர் பூசை?

எனக்கு வேறு அவசரம் இருந்தது. பலகைக்கு ஓடினேன். இன்றைக்கு ‘வகை’யில் அப்பா இருப்பார். ஒருவேளை மூன்று பத்தியிலும் அப்பாவே இருப்பார். சின்னமாமா அப்போதுதான் எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று பத்திகளையும் குறுக்கே வெட்டி, பெயின்ற் கோடுகளைத் தாண்டி, ஒரே நீட்டுக்கு எழுதியிருந்தார். அப்படி அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

‘சில கிழமைகளுக்கு முன் அக்கரையில் ஒரு நீல வள்ளம் கவிழ்ந்த நிலையில் ஒதுங்கியது. அருகே ஒருவரின் உடல். ஊரும் பேரும் தெரியாது. அவருக்காகச் செபிப்போம்.’

எங்கள் கரையில், அப்பாவுடையது உட்பட, எல்லா வள்ளமும் நீலம்தான். சங்கத்தில் ஒரே நிறப் பெயின்ற்தான் கொடுத்தார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த காலையில்தான் சின்னமாமாவின் கை காற்றில் நின்றது, அன்றைக்கே அவர் வயரைக் கழற்றினார், அடுத்தது என்ன சொல்வார்களோ என்று கேட்கப் பயந்து கழற்றினார் என்று, அவர் இறந்த பிறகு அம்மாதான் எனக்குச் சொன்னா. அம்மாவுக்கு அது எப்போது தெரியும் என்று நான் கேட்டேன். அம்மா, அன்றைக்கு மூப்பரிடம் எழுதச் சொன்ன பூசை அந்த ஆளுக்குத்தான் என்று மட்டும் சொன்னா. அந்த உடல் எந்தக் கரைக்குரியது, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதை உழக்கிக்கொண்டு காத்திருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது பழைய செய்தி. வந்த அப்பாவை எழுதாமல், யாரென்றே தெரியாத, என்றைக்கோ செத்த ஒருவரை எழுதியிருக்கிறார்.

“இது பழசு மாமா” என்றேன்.

“ஓம் பிள்ளை. பிந்திப்போச்சு.”

நான் சட்டை விளிம்பைப் பிடித்து, குதித்துக் குதித்து அதை அழித்தேன். வெண்கட்டியை அவருடைய கையில் இருந்து பிடுங்கி, ‘அப்பா வந்திட்டார்’ என்று எனக்கு எட்டிய உயரத்தில் பெரிதாக எழுதினேன். சின்னமாமா தடுக்கவில்லை. நான் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு குந்தியிருந்து, என் வரிக்குக் கீழே, பலகையின் அடிச் சட்டத்தை ஒட்டி, இடமில்லாத இடத்தில் நான் அழித்த செய்தியையே திரும்ப எழுதினார். சின்ன எழுத்தில், ஒரு சொல்லும் விடாமல்.

நான் அதையும் அழிக்கக் கையை ஓங்கினேன். பின்னால் இருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். அப்பா. பிடித்தபடியே குனிந்து அந்த வரிகளை வாசித்தார். ‘நீல வள்ளம்’ என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொருமுறையும் வாசித்தார். வெயில் நல்லாக எறித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கை மட்டும் ஏன் அப்படிக் குளிர்ந்து போனது என்று எனக்கு விளங்கவில்லை.